மீனாவின் கண் எங்கே போயிற்று?

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. மாடி வீடுகளின் மேலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் மடியேந்திப் பிடிப்பார்கள். காரைக்கால் அம்மையாரின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் சூட்டிய செய்தியும் இருக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அதைச் சொல்கிறது. காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. அவளை மணந்த பரமதத்தன், மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின் அவளைத் தெய்வமாகக் கருதி அஞ்சினான். கப்பலேறிப் பொருள் ஈட்டப் போனவன் ஊர் திரும்பவில்லை. பாண்டி நாட்டில் தங்கி வேறு திருமணம் செய்துகொண்டான். அங்கே அவனுக்கு ஒரு பெண் பிறந்தது. அந்தக் குழந்தைக்கு அவன் இட்ட பெயர் புனிதவதி. தான் விட்டு வந்த மனைவியின் பெயர்!

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. அம்மையார் இயற்றிய நூல்களில் புனிதவதி என்னும் பெயரே காணப்படவில்லை. தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே அவர் குறிப்பிட்டுக்கொள்கிறார். அவர் 6-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அவருக்குப் பின் வந்த சுந்தரர் அடியார்களின் பெயர்களைத் தொகுத்துப் பாடியபோது, 'பேயார்' என்றே அம்மையாரைச் சுட்டினார். பெற்றோர் இட்டதாக நாம் அறியும் நீண்ட பெயர் சில நூற்றாண்டுகள் கழித்தே ஏட்டில் வருகிறது. அவர் தாமே ஏற்றுக்கொண்ட குறும்பெயர் அவர் பாட்டிலேயே நிற்கிறது.

இட்ட பெயர் ஒன்று, வழங்கும் பெயர் வேறொன்று. இன்று நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? பள்ளிப் பதிவேட்டில் விசாலாட்சி, வீட்டில் சாலா. குடும்ப அட்டையில் ருக்மணி, தெருவில் ருக்கு. பெண் குழந்தைகளுக்குச் சிறிய பெயராகத் தேடுகிற பெற்றோர் இப்போது மிகுதி. கடைகளில் விற்கும் பெயர்ப் புத்தகங்கள் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பொருளை அச்சிட்டு வைத்திருக்கின்றன. அந்தப் பொருள்களை நம்பலாமா? சின்னப் பெயர்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

பேத்தி என்றால் என்ன?

தமிழில் மகளின் மகளையோ மகனின் மகளையோ பேத்தி என்கிறோம். இது பெயர்த்தி என்ற சொல்லின் தேய்ந்த வடிவம். பெயரைத் தாங்குகிறவள் என்பது பொருள். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடும் வழக்கம் அவ்வளவு பழையது; உறவுமுறைச் சொல்லிலேயே படிந்துவிட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல். மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் நம் குடும்பங்களில் இருந்த கட்டுப்பாடு. தந்தை வழிப் பாட்டியின் பெயர் காமாட்சி. குழந்தைக்கும் காமாட்சி என்று பெயர் வைத்தாகிவிட்டது. பெற்ற தாய் தன் குழந்தையை எப்படி அழைப்பாள்? அதிலும் குழந்தை விஷமம் செய்தால் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டத்தான் முடியுமா? ஆகவே தாய் வேறொரு பெயரைப் படைத்துக்கொண்டாள். பாப்பா, குஞ்சு, பட்டு, தங்கம், சிட்டு, அம்மணி என்பவை எல்லாம் இப்படி வாய்க்கு வந்த பெயர்கள். சில வீடுகளில் மூலப் பெயரையே அடையாளம் தெரியாதபடி நறுக்கிக் காமு என்றாக்கினார்கள். செல்லம் ஒரு காரணம்தான். ஆனால் வீட்டுப் பெயர்களில் பல, மரியாதைக்கு அஞ்சிப் பிறந்தவை என்பதை மறக்கக் கூடாது.

நறுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. லட்சுமி லச்சு ஆகிறாள். ருக்மணி ருக்கு ஆகிறாள். ஆனால் மீனாட்சி மீனு, ஜானகி ஜானு, பார்வதி பாரு. முதல் இரண்டில் மெய்யெழுத்து இரட்டித்திருக்கிறது. பின் மூன்றில் இரட்டிக்கவில்லை. ஏன்? தனியாக நிற்கும் குறிலை அடுத்த ஒற்று, பின்னால் உயிரெழுத்து வந்தால் இரட்டிக்கும் என்பது நீங்கள் பள்ளியில் படித்த நன்னூல் விதி. கல் என்பதோடு எறிந்தான் சேர்ந்தால் கல்லெறிந்தான். பொன் என்பதோடு அம்மாள் சேர்ந்தால் பொன்னம்மாள். முதலெழுத்து நெடிலாக இருந்தால் இந்த வேலை இல்லை. இலக்கணமே அறியாத பாட்டி கொல்லைப்புறத்திலிருந்து 'லச்சு' என்று கூப்பிடும்போது இந்த விதியின் போக்கிலேதான் கூப்பிடுகிறாள்! விஜயா விஜி ஆவது போன்ற விலக்குகளும் உண்டு. ஜகரம் வடமொழியிலிருந்து வந்த ஒலி. அது தமிழ் நாக்குக்கு முழுக்கக் கட்டுப்படவில்லை போலும்.

குறும்பெயர் இக்காலத்து நாகரிகம் என்று எண்ண வேண்டாம். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய பெண்பாற் புலவர் நச்செள்ளையார். நல் என்பதன் சுருக்கமான 'ந' முன்னே நிற்க, செள்ளை என்னும் மூன்றெழுத்துப் பெயர் தெரிகிறது. நப்பின்னை என்பதும் அவ்வாறே, பின்னை. வள்ளி என்ற பெயரோ சுருக்கவே தேவையில்லாமல் முதலிலிருந்தே சிறியது. கொடியைக் குறிக்கும் தமிழ்ச் சொல்.

கண்ணை இழந்த பெயர்கள்

காவிரிக் கழிமுகத்தில் கோயில்கள் நெருக்கம். ஊருக்கு ஊர் அம்மன் பெயர் வேறு. அந்தந்த ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பெயரே வழங்கும். மயிலாடுதுறையில் அபயாம்பிகை, திருக்கடவூரில் அபிராமி, திருவாரூரில் கமலாம்பாள். காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி. ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டே அவள் குடும்பம் எந்தக் கோயில் பக்கம் என்று ஊகிக்கிற பெரியவர்கள் உண்டு.

நீலாயதாட்சி என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். நீல, ஆயத, அட்சி. கருநீல நிறமான, அகன்ற, கண்களை உடையவள். இந்தப் பெயரைத் தாங்கியவளை வீட்டில் நீலா என்பார்கள். நிறம் மட்டும் தங்கிற்று. அகலமும் போயிற்று, கண்ணும் போயிற்று. விசாலாட்சி விசாலம் ஆனபோது அகலம் மட்டும் மிஞ்சியது. மீன் போன்ற கண்ணை உடைய மீனாட்சி, மீனா ஆனபோது மீன் மட்டும் மிஞ்சியது.

1916-ஆம் ஆண்டை ஒட்டி மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெண்களின் பெயர்களையும் மாற்றியது. தேன்மொழி, பூங்கொடி, கயல்விழி போன்ற பெயர்கள் பெருகின. கயல்விழி என்பதும் மீனாட்சி என்பதும் பொருளில் ஒன்றே. இப்போது கயல்விழிகளை வீட்டிலும் பள்ளியிலும் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? கயல் என்று! மொழி மாறியும் நறுக்கும் கத்தி அதே இடத்தில்தான் விழுந்திருக்கிறது. கண் மறுபடியும் போயிற்று. மீன் மறுபடியும் தங்கிற்று.

ஆகவே மீனா என்பதற்குப் பெயர்ப் புத்தகத்தில் 'மீன்' என்று போட்டிருந்தால் அது பொய்யன்று. ஆனால் உண்மையும் அன்று. எந்தத் தாயும் தன் மகளுக்கு மீன் என்று பெயர் வைக்கவில்லை. சுருங்கிய பெயருக்கு அகராதியில் பொருள் தேடுவதைவிட, அது எந்தப் பெயரின் துண்டு என்று தேடுவதே முறை. இக்காலத்தில் பலர் விரும்பும் தியா என்ற பெயரும் அப்படித்தான். வடமொழித் தீபம் என்ற சொல் நாட்டு வழக்கில் தேய்ந்து இந்தியில் தியா ஆயிற்று. அதன் அக்காள் தீபா நம் ஊரில் முன்பே இருக்கிறாள்.

பெயருக்குப் பொருள் கற்பிப்பதில் பெரும் புலவர்களும் சளைத்தவர்கள் அல்லர். உமா என்ற பெயர் மிகப் பழையது, கேனோபநிடதத்திலேயே வருகிறது. காளிதாசர் தம் குமாரசம்பவத்தில் அதற்கு ஒரு காரணம் கூறுகிறார். தவம் செய்யப் புறப்பட்ட மகளைப் பார்த்து, 'அம்மா, வேண்டாம்' என்று தாய் தடுத்தாளாம். வடமொழியில் அந்த இரண்டு ஒலிகளே உமா என்ற பெயராயிற்றாம். கவிதைக்கு அழகான காரணம். சொல்லாராய்ச்சிக்கு அது உதவாது.

கல்லில் நானூறு பெண்கள்

பழங்காலத்துச் சாதாரணப் பெண்களின் பெயர்கள் எப்படி இருந்தன? அரசியரின் பெயர்கள் கிடைக்கின்றன. மற்றவர்களின் பெயர்களுக்குச் சான்று குறைவு. இந்தக் குறையைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று ஓரளவு தீர்க்கிறது. முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அதில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காகக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

நெல் தவறாமல் போய்ச் சேர வேண்டுமானால் பெயர் சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பெயர்கள் நமக்குக் கிடைத்தன. பெரும்பாலான பெயர்களுக்கு முன்னே 'நக்கன்' என்று வருகிறது. சிவனைக் குறிக்கும் சொல் இது. அதை நீக்கிப் பார்த்தால் சேரமங்கை, ஏகவீரி, தில்லையழகி என்பன போன்ற பெயர்களைக் காண்கிறோம். மறைக்காடு, திருவையாறு என்று ஊர்ப் பெயரையே தாங்கிய பெண்களும் இருக்கிறார்கள். எடுத்தபாதம் என்று ஒருத்தி! கூத்தப்பிரானின் தூக்கிய திருவடியே அவள் பெயர். இன்று யாராவது தம் மகளுக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா? எடுத்தபாதத்தை அவள் தாய் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாள் என்று கற்பனை செய்து பார்க்கலாம். கல்வெட்டுக்கு அது தேவைப்படவில்லை.

ஒரே தெருவில் மரி, மரியம், மாரி

மீண்டும் காரைக்காலுக்கு வருவோம். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழும் துறைமுக ஊர் அது. அங்கே ஒரு தெருவில் மரி, மரியம், மாரி என்று மூன்று பெண்கள் இருக்கலாம். மரி கத்தோலிக்கப் பெண். மரியம் முஸ்லிம் பெண். இரண்டும் ஒரே பெயர்தான். எபிரேய மொழியின் மிரியாம் என்ற பெயர், இலத்தீன் வழியாகவும் ஐரோப்பியர் வாயிலாகவும் ஒரு வீட்டுக்கு வந்தது. அரபி வழியாக அடுத்த வீட்டுக்கு வந்தது. ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் மேரி என்பது பெருகியது. மரிக்கும் மாரிக்கும் ஒரு மாத்திரைதான் வித்தியாசம். ஆனால் மாரி மழையைக் குறிக்கும் தமிழ்ச் சொல், அம்மனின் பெயர். மரியோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பாத்திமாவின் பயணம் இன்னும் சுவையானது. பால் மறக்கச் செய்தல் என்ற பொருளுடைய அரபி வேரிலிருந்து வந்த பெயர் அது; நபிகள் நாயகத்தின் திருமகளின் பெயர். தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாத்து, பாத்துமுத்து என்றெல்லாம் வழங்கிற்று. அராபியர் ஒருகாலத்தில் ஆண்ட போர்ச்சுகல் நாட்டில் பாத்திமா என்று ஓர் ஊர் உண்டு. 1917-இல் அங்கே தேவமாதா காட்சி தந்ததாகச் செய்தி பரவியது. அதன்பின் அந்த ஊரின் பெயர் கத்தோலிக்கப் பெண்களுக்கும் பெயராயிற்று. நம் ஊரின் பாத்திமா மேரிகள் அந்த வழியில் வந்தவர்கள். லூர்து என்ற பெயரும் ஓர் ஊர்ப் பெயரே. 1858-ஆம் ஆண்டுக் காட்சியால் புகழடைந்த பிரெஞ்சு நாட்டு ஊர் அது. புதுச்சேரிக்கு அருகே வில்லியனூரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே லூர்து மாதாவுக்குக் கோயில் எழுந்தது. மறைக்காடு என்ற ஊரின் பெயரைத் தாங்கிய சோழர் காலப் பெண்ணும், லூர்தம்மாளும் ஒரே வழக்கத்தின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள்.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பர் முதல் நாள் அவர்கள் ஆட்சிப் பொறுப்பை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் பிறப்புப் பதிவுகளைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார்கள். பிரெஞ்சு எழுத்துமுறையில் 'உ' என்ற ஒலிக்கு ஓ, யு என்னும் இரண்டு எழுத்துகள் வேண்டும். அம்மாள் என்பதன் கடைசியில் இரண்டு எல், ஓர் ஈ சேர்ப்பார்கள். அந்த முறையில் எழுதிய லட்சுமியை ஆங்கிலம் படித்தவர் 'லட்சவுமி' என்று வாசிக்கிறார். முத்தம்மாள் 'மவுத்தம்மல்லே' ஆகிறாள். சென்னைப் பக்கத்து அலுவலர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் 1962 இணைப்புக்குப் பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள இங்குள்ளோருக்கு உரிமை தரப்பட்டது. அப்படித் தேர்ந்தவர்களின் வாரிசுகளுக்கு, பாட்டியின் பிறப்புச் சீட்டில் உள்ள அந்த எழுத்துகள் சிரிப்புக்குரியவை அல்ல. பதிவேட்டில் இருப்பவளும், எல்லோரும் நீலா என்று அழைத்த பாட்டியும் ஒருத்தியே என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னரே, 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு வெளியிட்ட ஆணைப்படி, தம் சமூக வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் சூடிக்கொள்ள வேண்டியிருந்தது. பெண்ணின் சொந்தப் பெயர் அதன் பின்னால் ஒதுங்கி நின்றது. அக்காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களுக்கு நேர்ந்தது வேறு. முத்துசாமி, வீராசாமி போன்ற ஆண்களின் பெயர்கள் அங்கே குடும்பப் பெயர்களாகி இன்றும் வழங்குகின்றன. குடும்பப் பெயர் தந்தை வழியே இறங்குவதால் உடன் சென்ற பெண்களின் பெயர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

குப்புவும் போதும்பொண்ணும்

எல்லாச் சின்னப் பெயர்களும் செல்லப் பெயர்கள் அல்ல. குப்பு என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். குப்பம்மாள் என்பதன் சுருக்கம். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து இப்படிப் பெயரிடுவார்கள். பிச்சை என்பதும் அவ்வகையே. மதிப்பற்றது என்று நினைத்து எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. மங்கோலிய மக்களிடையே 'பெயரில்லை' என்றே பொருள்படும் நெர்குய் என்ற பெயர் உண்டு. அதன் நோக்கமும் இதேதான். 1971-இல் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. 2020-இல் அந்த எண்ணிக்கை 28. குப்பு என்ற பெயர் நம் தெருக்களில் அருகியதற்குத் தடுப்பூசியும் மகப்பேறு மருத்துவமும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது. முஸ்லிம் வீட்டு ஆயிஷாவுக்கு 'உயிர் வாழ்கிறவள்' என்று பொருள். குப்புவின் தாய் சுற்றி வளைத்து வேண்டியதை அந்தப் பெயர் நேராகவே சொல்கிறது.

போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களுக்கு இந்தச் சமாதானமும் இல்லை. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று பெண்ணுக்கு இடும் பெயர்கள் இவை. கொஞ்சம் நாகரிகமான வீடுகளில் மங்களம் என்பார்கள்; கச்சேரியை முடிக்கும் பாட்டு அல்லவா? குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணுவிலுள்ள எக்ஸ் அல்லது ஒய் நிறப்புரி முடிவு செய்கிறது. ஒவ்வொரு பிறப்பிலும் வாய்ப்பு ஏறத்தாழச் சரிபாதி. முன்னால் பிறந்தவளின் பெயர் அதில் தலையிட வழியே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அது நாள்தோறும் தலையிடுகிறது. பள்ளியில் ஆசிரியர் வருகை எடுக்கும்போதெல்லாம் 'வேண்டாம்' என்று அழைக்க, 'உள்ளேன் ஐயா' என்று அவள் சொல்ல வேண்டும். மகாராட்டிர மாநிலத்தின் சாத்தாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் நகுசா என்ற பெயரோடு வாழ்ந்த 285 பெண்களுக்கு, 2011 அக்டோபரில் அரசு விழா நடத்தி அவரவர் விரும்பிய புதுப் பெயரைச் சூட்டினார்கள்.

பெயரை மாற்றுவது அலைச்சல் மிகுந்த வேலை. முதலிலேயே ஆராய்ந்து எழுதுவது எளிது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பிறப்பைப் பதியும்போதே பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னும் 15 ஆண்டுகள் வரை கட்டணத்தோடு சேர்க்க வழியுண்டு. 2023 அக்டோபர் முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. வீட்டில் கயல் என்றே கூப்பிடப் போகிறீர்களானால், சான்றிதழில் கயல் என்றிருக்கட்டுமா, கயல்விழி என்றிருக்கட்டுமா என்று இருவருமாக உட்கார்ந்து பேச ஓராண்டு அவகாசம் இருக்கிறது. என்னைக் கேட்டால், கண்ணை விட்டுவிடாதீர்கள் என்பேன்.

பாண்டி நாட்டில் பிறந்த அந்தக் குழந்தைக்கு இத்தகைய யோசனை எதுவும் தேவைப்படவில்லை. தந்தை ஒரே பெயரைத்தான் மனத்தில் வைத்திருந்தான். பின்னர் உறவினர் அம்மையாரைப் பல்லக்கில் அழைத்து வந்தபோது, பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் வந்து அவர் காலில் விழுந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். ஒரு புனிதவதியின் காலடியில் இன்னொரு புனிதவதி. அதற்குப் பின் அந்தச் சிறுமி கதையில் வருவதில்லை. அந்தப் பெயரை அவள் தாய் எத்தனை முறை வாய்விட்டுச் சொன்னாளோ, வீட்டில் அவளை வேறு எப்படிக் கூப்பிட்டார்களோ, அது எந்த ஏட்டிலும் இல்லை.